வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை: போரில் மருத்துவமனைக்கு என்ன பாதுகாப்பு?

எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப் பலகையில் சிவப்பில் பெரிய கூட்டல் குறி இருக்கிறது. அடுத்த தெருவில் நிற்கும் ஒரு டாக்டரின் கார் கண்ணாடியிலும் அதே குறி. மருத்துவம் என்றால் இந்த அடையாளம்தான் என்று சின்ன வயதிலிருந்தே மனதில் பதிந்துவிட்டது. வெள்ளைப் பின்னணியில் அமைந்த அந்தச் சிவப்புச் சிலுவை பிறந்தது போர்க்களத்துக்காக. தூரத்தில் துப்பாக்கியோடு நிற்பவருக்கு அது சொல்லும் சேதி ஒன்றுதான்: இங்கே சுடாதே. அதை யார் பயன்படுத்தலாம் என்பதற்குச் சர்வதேசச் சட்டம் இருக்கிறது. இந்தியாவிலும் 1960ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டப்படி, அனுமதி இல்லாமல் அந்தச் சின்னத்தைக் கடையிலோ வண்டியிலோ போடுவது தண்டனைக்குரியது.

மெடிக்கல் ஷாப்காரரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. "மருத்துவமனை மீது குண்டுவீச்சு" என்று செய்தி வருகிறது. மறுநாளே "உள்ளே தீவிரவாதிகள் இருந்தார்கள்" என்று மறுப்பு வருகிறது. இரண்டையும் படித்துவிட்டு யார் சொல்வது சரி என்று தெரியாமல் கடந்துபோகிறோம். அப்படிக் கடந்துபோகாமல் நின்று கேட்க வேண்டிய கேள்விகள் எவை என்பதைச் சட்டம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

கதை 1859 ஜூன் 24 அன்று தொடங்குகிறது. வட இத்தாலியில் சோல்ஃபெரினோ என்ற ஊரைச் சுற்றி ஒரு பக்கம் பிரான்ஸ், சார்டீனியா படைகள். எதிரே ஆஸ்திரியப் படை. ஒரே நாளில் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாகச் சுமார் 40,000 பேர். பிரெஞ்சுப் படையில் ஆயிரம் குதிரைகளுக்கு நான்கு கால்நடை மருத்துவர்கள் இருந்தார்கள். ஆயிரம் வீரர்களுக்கு ஒரே ஒரு மருத்துவர். காயம்பட்டவர்கள் கிடந்த இடத்திலேயே தாகத்தில் செத்தார்கள்.

ஜெனீவா நகரத்து வியாபாரி ஹென்றி டுனான்ட் தன் தொழில் விஷயமாகப் பிரெஞ்சுப் பேரரசரைப் பார்க்க அந்தப் பக்கம் வந்திருந்தார். வந்த வேலையை விட்டுவிட்டு, பக்கத்து ஊரான காஸ்டிலியோனேயில் தேவாலயத்தில் கிடத்தப்பட்டிருந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கவும் காயம் கட்டவும் இறங்கினார். அவருடன் சேர்ந்த ஊர்ப் பெண்கள், எந்த நாட்டுச் சிப்பாய் என்று பார்க்காமல் எல்லோருக்கும் பணிவிடை செய்தார்கள். "எல்லோரும் சகோதரர்கள்" என்பது அவர்கள் வாயில் அப்போது புழங்கிய சொல். டுனான்ட் இன்னொரு காரியமும் செய்தார். பிரெஞ்சுப் படை பிடித்துவைத்திருந்த ஆஸ்திரிய மருத்துவர்களை விடுவிக்கச் செய்து, காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை தர அனுப்ப வைத்தார். நாம் இங்கே பேசப்போகும் சட்டம் முழுவதும் இந்தச் சின்ன நிகழ்ச்சிக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றும். எதிரிப் படையின் மருத்துவர் எதிரி ஆகமாட்டார், ஏனென்றால் அவருக்காகக் காயம்பட்டவர் ஒருவர் காத்திருக்கிறார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1864 ஆகஸ்ட் 22 அன்று, 12 நாடுகள் ஜெனீவாவில் கூடிப் பத்தே பத்துப் பிரிவுகள் கொண்ட முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறங்களைத் தலைகீழாக்கிய சின்னமும் அதில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1949இல், இன்றைக்கும் நடப்பில் இருக்கும் நான்கு ஜெனீவா ஒப்பந்தங்கள் உருவாயின. உலகத்தில் உள்ள ஏறக்குறைய எல்லா நாடுகளும் இவற்றை ஏற்றிருக்கின்றன. இந்தியா 1950இல் ஏற்றது. இவற்றை விரிவாக்கி 1977இல் வந்த கூடுதல் நெறிமுறைகளில் இந்தியா சேரவில்லை.

யாருக்கெல்லாம் இந்தப் பாதுகாப்பு?

டாக்டர், நர்ஸ் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. ஸ்ட்ரெச்சர் தூக்குபவர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், மருத்துவமனை நிர்வாகத்தைப் பார்ப்பவர், அங்கே சமைப்பவர் என அந்த இடம் இயங்கத் தேவையானவர்களும் இதில் அடக்கம். கட்டடம் என்றால் பெரிய மருத்துவமனைதான் என்றில்லை. ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் நான்கு கட்டில் போட்டுச் சிகிச்சை நடந்தால் அதுவும் மருத்துவ நிலையம்தான். ஆம்புலன்ஸ், மருந்து ஏற்றிய லாரி, மருத்துவக் கப்பல் எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

சட்டம் இவர்களை "மதிக்க வேண்டும், பாதுகாக்க வேண்டும்" என்கிறது. இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேறு வேறு கடமைகள். மதிப்பது என்றால் தாக்காமல் இருப்பது, வேலையைக் கெடுக்காமல் இருப்பது. பாதுகாப்பது என்றால் அதற்கு மேலே ஒரு படி போய் வழிவிடுவது, மருந்து போய்ச்சேரச் செய்வது, மற்றவர்கள் சூறையாடாமல் பார்த்துக்கொள்வது. அதனால் குண்டு போட்டால்தான் மீறல் என்று எண்ண வேண்டாம். காயம்பட்டவரை ஏற்றிவந்த ஆம்புலன்ஸைச் சோதனைச் சாவடியில் காரணமே இல்லாமல் மணிக்கணக்கில் நிறுத்திவைப்பதும் இந்தக் கடமையைத் தவறுவதுதான்.

அப்புறம், ரொம்பப் பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயத்துக்கு வருவோம். மருத்துவமனைக் கட்டிலில் எதிரிப் படை வீரர் ஒருவர் படுத்திருக்கிறார் என்று வையுங்கள். அந்த மருத்துவமனையைத் தாக்கலாமா? கூடாது. காயம்பட்டு விழுந்து, சண்டை போடும் நிலையில் இல்லாத வீரரை அந்த நொடியிலிருந்து தாக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சை அளிப்பதும் மருத்துவமனையின் வேலைதான். அவருக்கும் எனக்கும் உங்களுக்கும் வார்டில் வரிசை ஒன்றே. யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை மருத்துவ அவசரம் மட்டுமே தீர்மானிக்க வேண்டும் என்று முதலாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. நம் பக்கத்துச் சிப்பாய்க்கு விரலில் காயம், எதிரிச் சிப்பாய்க்கு வயிற்றில் குண்டு என்றால், ஆபரேஷன் தியேட்டருக்குள் முதலில் போக வேண்டியவர் எதிரிதான்.

ஆக, "உள்ளே போராளிகள் இருந்தார்கள்" என்ற ஒற்றை வாக்கியம் எந்தத் தாக்குதலையும் நியாயப்படுத்திவிடாது. அவர்கள் அங்கே படுத்திருந்தார்களா, அங்கிருந்து சுட்டுக்கொண்டிருந்தார்களா என்று கேட்க வேண்டும்.

பாதுகாப்பு எப்போது போகும்?

போகவே போகாது என்று சொன்னால் அது பொய். மருத்துவமனையின் மொட்டைமாடியில் பீரங்கியை வைத்துச் சுட்டால், அடித்தளத்தை வெடிமருந்துக் கிடங்காக்கினால், உடல் நலத்தோடு இருக்கும் படையினரை ஒளித்துவைத்தால், "எதிரிக்குத் தீங்கு விளைவிக்கும் செயல்" அங்கே நடக்கிறது என்று பொருள். அப்போது அந்த இடம் தன் பாதுகாப்பை இழக்கலாம்.

எதெல்லாம் அந்தக் கணக்கில் வராது என்பதையும் சட்டம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாசலில் காவலாளி நின்றால் பாதுகாப்பு போகாது. மருத்துவப் பணியாளர் தன்னையும் நோயாளிகளையும் காத்துக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தாலும் போகாது. காயம்பட்டு வந்தவரிடமிருந்து கழற்றிய துப்பாக்கியும் தோட்டாக்களும் ஒரு அறையில் குவிந்துகிடந்தாலும் போகாது. சோதனையின்போது ஒரு மூலையில் நான்கு துப்பாக்கிகளைக் கண்டெடுத்துப் படம் பிடித்துக் காட்டுவது மட்டும் எதற்கும் ஆதாரம் ஆகாது.

சரி, உண்மையாகவே மொட்டைமாடியில் பீரங்கி இருக்கிறது. உடனே சுட்டுவிடலாமா? அதுவும் கூடாது. முதலில் எச்சரிக்கை கொடுக்க வேண்டும். பீரங்கியை அகற்றவோ நோயாளிகளை வெளியேற்றவோ நியாயமான அவகாசம் தர வேண்டும். அதைக் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் மட்டுமே அடுத்த படி. அப்போதும்கூட உள்ளே இருக்கும் நோயாளிகளும் நர்ஸ்களும் தங்கள் பாதுகாப்பை இழப்பதில்லை. மாடியில் உள்ள ஒரு பீரங்கிக்காக வார்டில் உள்ள நூறு பேரைக் கொல்வது அளவுக்கு மீறிய செயல் என்றால், அந்தத் தாக்குதல் சட்டவிரோதமே. ஐசியூவில் வென்டிலேட்டரில் இருப்பவரை அரை மணி நேரத்தில் எங்கே தூக்கிக்கொண்டு போவது? அவகாசம் "நியாயமானது" என்று சொல்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

குந்தூஸில் நடந்தது

ஆப்கானிஸ்தானின் வடக்கே உள்ள குந்தூஸ் நகரத்தில், போர் நடக்கும் இடங்களில் சிகிச்சை தரும் தொண்டு நிறுவனமான எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு (எம்.எஸ்.எஃப்.) 2011இல் விபத்து, காயச் சிகிச்சைக்கென்று ஒரு மருத்துவமனையைத் திறந்தது. உள்ளே யாரும் ஆயுதம் கொண்டுவரக் கூடாது. அரசுப் படையா, தாலிபானா என்று யாரும் கேட்கமாட்டார்கள். 2015 செப்டம்பர் 28 அன்று தாலிபான் அந்த நகரத்தைப் பிடித்தது. மறுநாள் அந்த அமைப்பு தன் மருத்துவமனை இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் விவரத்தை மீண்டும் ஒருமுறை எல்லாத் தரப்புக்கும் அனுப்பியது.

அக்டோபர் 3 அதிகாலை இரண்டு மணிக்கு மேல் அமெரிக்காவின் ஏசி-130 போர் விமானம் ஒன்று மருத்துவமனையின் பிரதானக் கட்டடத்தைச் சுடத் தொடங்கியது. நகரம் இருட்டில் கிடந்தபோது மின்சார வெளிச்சத்தோடு இருந்த ஒருசில கட்டடங்களில் அது ஒன்று. முதலில் ஐசியூ. கட்டிலைவிட்டு நகர முடியாத நோயாளிகள் தீயில் மாண்டார்கள். காபூலுக்கும் வாஷிங்டனுக்கும் அந்த அமைப்பினர் போன் மேல் போன் போட்டு, நிறுத்துங்கள் என்று மன்றாடினார்கள். சுமார் ஒரு மணி நேரம் சூடு ஓயவில்லை என்கிறது அமைப்பு. தப்பிய மருத்துவர்கள் எஞ்சியிருந்த ஓர் அறையில் மேசையை ஆபரேஷன் டேபிளாக்கி, உடன் வேலை பார்த்த மருத்துவரின் உயிரைக் காக்கப் போராடினார்கள். முடியவில்லை. மொத்தம் 42 பேர் இறந்தார்கள்: பணியாளர்கள் 14, நோயாளிகள் 24, உடனிருந்து கவனித்துக்கொண்டவர்கள் 4.

எப்படி நடந்தது? அமெரிக்க இராணுவத்தின் சொந்த விசாரணை 2016 ஏப்ரலில் வெளிவந்தது. விமானம் தாக்கச் சொல்லப்பட்டது சில நூறு மீட்டர் தள்ளி இருந்த ஆப்கான் உளவுத்துறைக் கட்டடத்தை. கொடுத்த ஜிபிஎஸ் எண்கள் ஒரு வெற்று நிலத்தைக் காட்டின. தரையிலிருந்து வந்த வர்ணனையை வைத்துக் கண்ணால் தேடிய விமானக் குழு, பக்கத்தில் தெரிந்த பெரிய கட்டடம்தான் அது என்று முடிவுகட்டியது. அவசரமாகக் கிளம்பியதால், தாக்கக் கூடாத இடங்களின் பட்டியல் விமானத்துக்குள் ஏற்றப்படவே இல்லை. சுடுவதற்கு முன்பு, தாங்கள் சுடப்போகும் இடத்தின் எண்களை விமானத்திலிருந்து கட்டளை மையத்துக்குச் சொன்னார்கள். மையத்தில் பட்டியல் இருந்தது. அந்த எண்கள் மருத்துவமனையின் எண்கள் என்று அங்கே யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

எனக்கு இந்த இடம்தான் மனதை விட்டுப் போகாதது. தேவையான எல்லாமே இருந்தன: சட்டம், பட்டியல், அந்தக் கடைசி ரேடியோச் செய்தி. எல்லாம் இருந்தும் ஒருவர் பட்டியலை எடுத்துப் பார்க்காததால் 42 உயிர் போனது. தாக்குவதற்கு முன் இலக்கு என்னவென்று உறுதிசெய்துகொள்வது சட்டப்படி கடமை. சந்தேகம் இருந்தால் அது பொதுமக்களின் இடம் என்றே கொள்ள வேண்டும்.

16 படையினர் மீது துறைரீதியான நடவடிக்கை எடுக்கப்பட்டது. குற்ற வழக்கு யார் மீதும் வரவில்லை. வேண்டுமென்றே செய்யவில்லை, ஆகவே போர்க்குற்றம் இல்லை என்றது இராணுவம். தாக்கியவரே விசாரித்துத் தாக்கியவரே தீர்ப்புச் சொல்வதை ஏற்க முடியாது என்று அந்த அமைப்பு சுதந்திரமான விசாரணை கேட்டது. ஜெனீவா ஒப்பந்தங்களின் கூடுதல் நெறிமுறைப்படி அதற்கென்றே ஒரு சர்வதேச உண்மையறியும் ஆணையம் இருக்கிறது. அதுவும் தயார் என்றது. சம்பந்தப்பட்ட நாடுகளின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதம் வரவே இல்லை.

சின்னத்தை நம்ப முடிகிறதா?

சிலுவை சிலருக்கு மதச் சின்னமாகப் பட்டதால் உஸ்மானியப் பேரரசு 1876இல் செம்பிறையைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2005இல் எந்த மதச் சாயலும் இல்லாத செம்படிகம் என்ற சிவப்புச் சாய்சதுரச் சின்னம் சேர்ந்தது. மூன்றுக்கும் ஒரே மதிப்பு. சின்னம் இல்லாவிட்டாலும் மருத்துவமனை மருத்துவமனைதான். சின்னம் அதைத் தூரத்திலிருந்து தெரியவைக்கும் ஒரு வழி, அவ்வளவே.

அதன் பலம் முழுக்க நம்பிக்கையில் இருக்கிறது. 2008இல் கொலம்பியாவில் கெரில்லாக்களிடம் பிணைக்கைதிகளாக இருந்த 15 பேரை இராணுவம் ஒரு துப்பாக்கிச்சூடும் இல்லாமல் மீட்டது. தொண்டு நிறுவனத்தார் போல வேடம் போட்டுப் போனவர்களில் ஒருவர் செஞ்சிலுவைச் சின்னத்தை அணிந்திருந்தார். நல்ல காரியம்தானே என்று தோன்றும். நாளைக்கு நிஜமான செஞ்சிலுவை வண்டி காட்டுக்குள் போகும்போது அதையும் வேடம் என்று எவராவது சந்தேகப்பட்டால்? அதனால்தான் அந்த நாட்டு அதிபரே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. நம் தெருவில் சின்னத்தைக் கண்டபடி போடக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

சின்னத்தைப் பார்த்தும் சுடுபவர்களை என்ன செய்வது? 2025 மார்ச் 23 அன்று காசாவின் ரஃபாவில் பாலஸ்தீனச் செம்பிறைச் சங்கத்தார் 8 பேர் உட்பட 15 மீட்புப் பணியாளர்கள் இஸ்ரேலியப் படையால் கொல்லப்பட்டார்கள். விளக்கு எரியாமல், சந்தேகப்படும்படி வண்டிகள் வந்தன என்று இராணுவம் முதலில் சொன்னது. இறந்தவர்களில் ஒருவரின் போனில் பதிவாகியிருந்த காணொளியில் ஆம்புலன்ஸ் விளக்குகள் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. முதலில் சொன்னது தவறு என்று இராணுவம் பிறகு ஒப்புக்கொண்டது.

சிரியாவில் நிலைமை இன்னும் கொடுமை. தாக்காமல் இருக்கட்டும் என்று ஐ.நா. மூலம் இடவிவரம் கொடுத்த மருத்துவ நிலையங்களும் தாக்கப்பட்டன. கொடுப்பதா வேண்டாமா என்று மருத்துவர்கள் தவித்தார்கள். கூரையில் இருந்த சின்னத்தை அழித்தவர்கள் உண்டு. நிலத்துக்கு அடியிலும் மலையைக் குடைந்தும் ஆபரேஷன் தியேட்டர் அமைத்தவர்கள் உண்டு. அங்கே 2012இல் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், எதிர்த்தரப்புக் காயக்காரருக்குச் சிகிச்சை செய்வதையே குற்றமாக்கும் அளவுக்குப் போனது. மருத்துவ அறத்தின்படி சிகிச்சை செய்ததற்காக, நோயாளி யாராக இருந்தாலும், ஒருவரையும் தண்டிக்கக் கூடாது என்பது சர்வதேசப் போர்ச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. குண்டுக்கு அஞ்சும் மருத்துவர் வெளியே தெரிவார். வழக்குக்கு அஞ்சும் மருத்துவரை யாரும் பார்ப்பதில்லை. காயக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்.

நமக்குத் தெரிந்த இரண்டு இடங்கள்

தமிழில் இதைப் பற்றி எழுதும்போது யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் இந்திய அமைதிப்படை நுழைந்தது. அன்றும் மறுநாளுமாக மருத்துவர்கள், தாதிமார், ஊழியர்கள், நோயாளிகள் என்று 60க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். கைகளை உயர்த்தி, நாங்கள் மருத்துவர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்த மூத்த மருத்துவரும் சுடப்பட்டார். புலிகளோடு நடந்த மோதலின் நடுவில் சிக்கியவர்கள் என்பது இந்தியத் தரப்பு சொன்ன காரணம். மேலே சொன்ன கேள்விகளை இங்கே வைத்துப் பாருங்கள். எச்சரிக்கை கொடுக்கப்பட்டதா? அவகாசம்? கட்டிலில் கிடந்தவர் எதிரிக்கு என்ன தீங்கு செய்தார்?

2009இல் வன்னியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை திரும்பத் திரும்ப ஷெல்லடிக்கு உள்ளானது. பிப்ரவரி தொடக்கத்தில் நோயாளிகளைப் புதுமாத்தளனுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அங்கிருந்து செஞ்சிலுவைக் குழு கப்பல்களில் 13,000க்கும் அதிகமான காயக்காரர்களையும் உடன் வந்தவர்களையும் வெளியே கொண்டுசென்றது. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த மூவர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை, வன்னியில் இருந்த எல்லா மருத்துவமனைகளும் ஷெல்லடிக்கு உள்ளாயின என்றும், அவை இருக்கும் இடம் அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்றும் கூறியது. மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் பக்கத்தில் புலிகள் ஆயுதங்களை வைத்ததையும் அங்கிருந்து சுட்டதையும் அதே அறிக்கை குறிப்பிட்டது. ஒரு தரப்பு மீறியதால் மறு தரப்பின் கடமை தீர்ந்துவிடுவதில்லை. இரண்டுமே தனித்தனிக் குற்றங்கள்.

மீறினால் யார் கேட்பது?

மருத்துவமனை என்று தெரிந்தே தாக்குவது போர்க்குற்றம் என்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சட்டம் சொல்கிறது. அந்த நீதிமன்றத்தில் சேராத நாடுகள் பல. இந்தியாவும் அமெரிக்காவும் இலங்கையும் அவற்றில் உண்டு. 2016 மே 3 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை மருத்துவப் பணியைக் காக்க 2286ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அதற்குச் சில நாள் முன்புதான் சிரியாவின் அலெப்போவில் ஒரு மருத்துவமனை தகர்க்கப்பட்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் அன்றைய தலைவர் ஜோன் லியூ, சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் நால்வர் இப்படிப்பட்ட தாக்குதல்கள் நடத்திய கூட்டணிகளோடு தொடர்புடையவர்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். உலகச் சுகாதார நிறுவனம் இப்போது ஒவ்வொரு தாக்குதலையும் பதிவுசெய்கிறது. யார் செய்தது என்று சொல்லும் பொறுப்பு அந்தப் பதிவேட்டுக்கு இல்லை.

குந்தூஸ் இடிபாடுகளுக்கு அந்த அமைப்பு உடனே திரும்பிவிடவில்லை. மருத்துவமனையும் ஊழியர்களும் நோயாளிகளும், காயம்பட்ட போராளிகளும்கூட, தாக்கப்படமாட்டார்கள் என்ற உறுதியை எல்லாத் தரப்பிடமும் கேட்டுப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தது. 2017இல் சிறிய அளவில் ஒரு கிளினிக் திறந்தது. பிறகு புதிய மருத்துவமனைக்கு வேலை தொடங்கியது. 2021 ஆகஸ்டில் நகரத்தில் மறுபடியும் சண்டை மூண்டபோது தங்கள் அலுவலக இடத்தையே வார்டாக்கிக் காயக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். மாத நடுவில், வேலை முழுக்க முடிந்திராத அந்தப் புதிய கட்டடத்துக்கு நோயாளிகளை மாற்றினார்கள்.